சி.டி.யில் விடுபட்ட மூச்சு

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பெங்களூரில் ஒரு ரிகார்டு பிளேயர் வாங்கியிருப்பதாகவும், சினிமாவைச் சேராத ஏதோ ஒரு சின்னக் குழுவின் பழைய இசைத்தட்டை அதில் கேட்டபோது, அதே பாட்டின் புது சி.டி.யில் இல்லாத ஒன்று அதில் இருந்ததாகவும் சொன்னாய். "நீ கல்யாணத்துக்கு முன்னாடி இந்த வேலைதானேம்மா பார்த்தே, எதும்மா நல்லா இருக்கும், சி.டி.யா ரிகார்டா?" என்றாய். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி விடு, உனக்கு மறந்திருக்கும்" என்று கல்யாண மண்டபத்து விஷயத்துக்குப் போய்விட்டாய். எனக்கு மறக்கவில்லை. பதில் சொல்ல எனக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அதே பேச்சின் கடைசியில், வைக்கப்போகும் நேரத்தில், கல்யாணத்துக்குப் பிறகு நீ வேலைக்குப் போகும் ஊரைப் பற்றி, "கனடா வர்றதுக்குத் தாரிணிதான் அன்னைக்கே ஓகே சொல்லிட்டாளேம்மா" என்றாய். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பத்திரிகைக்கும் இதை அனுப்பப்போகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவளுக்குக் கூச்சம் அதிகம். எனக்கும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இயற்பியலில் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். உன் தாத்தா ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். மயிலாப்பூரில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் எங்களுக்கு ஒரே ஓர் அறை. படித்தது, சமைத்தது, தூங்கியது, சண்டை போட்டது எல்லாம் அதற்குள்தான். கல்லூரியில் மூன்று வருஷமும் நான் கையைத் தூக்கி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பதில் தெரிந்திருக்கும். அதை மனதுக்குள் சரியான வாக்கியமாகக் கோத்து முடிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்குத் தி. நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய பாட்டுகளைச் சி.டி.க்கு மாற்றும் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஜன்னலே இல்லாத அறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகள். கதவைச் சாத்தினால் வெளியே மழை பெய்வதுகூடத் தெரியாது. என் அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "என்னடி, சமாதிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். நானும் பேச வேண்டியதில்லை. கேட்டால் போதும். கேட்பதற்குச் சம்பளம் தரும் இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதலாளியின் பெயர் சேகர். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு ஒரு குழு வைத்துக் கிதார் வாசித்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்களே பாட்டெழுதி, மெட்டுப்போட்டு, கைக்காசைப் போட்டு ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார்கள். சினிமாப் பாட்டும் இல்லை, சபாக் கச்சேரியும் இல்லை. கடைக்காரர்கள் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அதில் பாடியது வத்சலா என்று ஒரு பெண். அந்தத் தட்டு வெளிவந்த கையோடு அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு அவர் எங்கும் பாடவில்லை. அவருடைய குரல் இந்த உலகத்தில் பதிவாகியிருப்பது அந்த ஒரு தட்டில் மட்டும்தான். மூல நாடா பூஞ்சை பிடித்துப் போயிருந்ததால், இருப்பதில் நல்ல பிரதியாக ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து சி.டி. செய்ய முடிவெடுத்தார் சேகர் சார். அந்த வேலை என்னிடம் வந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ரிகார்டில் ஊசி ஓடும் இரைச்சல் இருக்கும், கீறல் இருக்கும், ஒவ்வொரு தடவை போடும்போதும் கொஞ்சம் தேயும். சி.டி.யில் அதெல்லாம் கிடையாது. மௌனத்தை மௌனமாகவே வைத்துக்கொள்ளச் சி.டி.யால் முடியும், ரிகார்டால் முடியாது. ரகசியம் பேசுவதிலிருந்து கத்துவது வரை உள்ள தூரத்தை ரிகார்டைவிடச் சி.டி. நன்றாகவே தாங்கும். ஆகவே உன் கூட்டாளிகள் யாராவது ரிகார்டுதான் உசத்தி என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதே. பழுது சி.டி.யில் இல்லை. அதில் எதைப் போட்டு அனுப்பினார்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் கூடத்தில் ஒரு பெட்டி இருந்தது. மெல்லிய இடங்களைத் தூக்கிவிடும், உரத்த இடங்களை அழுத்திவிடும், எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பிறகு மொத்தத்தையும் சத்தமாக்கிவிடலாம். எங்கள் ஒலிப்பதிவாளர் மஸ்தான் பாய்க்கு அந்தப் பெட்டி என்றால் உயிர். ராயப்பேட்டைக்காரர், எதையும் சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர். "இன்னாமா நீ, பாட்டு கேக்க வேணாமா? கடைல போடறான், எதிர்ல பல்லவன் பஸ் போய்க்கினு கீது, அதுக்கு மேல கேட்டாத்தான் ஒருத்தன் நின்னு இன்னா பாட்டுன்னு கேப்பான். மெதுவா பாடினா ஊட்ல போய்ப் பாடிக்கச் சொல்லு" என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்தத் தட்டில் ஒரு பாட்டு. இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் கிதார் நின்றுவிடும். கொஞ்ச நேரம் எதுவும் இருக்காது. பிறகு வத்சலா ஒரு மூச்சு எடுப்பார். அழுகைக்கு முன்னால் எடுக்கிற மாதிரி, ஆனால் அழ மாட்டார், ஒரே ஒரு வரியைக் காதோடு சொல்வது போலப் பாடுவார். இரைச்சலை நீக்கும் கணிப்பொறிக்கு மூச்சும் இரைச்சலும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே முகம். நான் அந்த இடத்தைச் சேகர் சாரிடம் போட்டுக் காட்டினேன். அவர் ஏதோ போனில் இருந்தார். "க்ளீனா இருக்கட்டும்மா, தூக்கிடு" என்று கையால் காட்டினார். மூச்சை நீக்கினேன். பிறகு பெட்டி வழியாக ஓட்டினோம். காதோடு சொன்ன வரி, கூட்டத்தில் அறிவிப்புச் செய்வது போல ஆகிவிட்டது.

தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், அடையாறில் சேகர் சார் வீட்டு மாடியில் நண்பர்களைக் கூப்பிட்டிருந்தார். பழைய குழுக்காரர்கள், ரிகார்டு சேர்க்கிறவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். ஏ.சி.க்காகவும் சத்தத்துக்காகவும் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. மஸ்தான் பாயும் வந்திருந்தார். தட்டு மாற்றுவது என் வேலை என்பதால் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்து போவதென்றால் பத்துப் பேரைத் தாண்ட வேண்டும். வத்சலா மேடம் கோபாலபுரத்திலிருந்து கணவரோடு வந்திருந்தார். முதலில் ரிகார்டு, பிறகு சி.டி., அதே பாட்டு. எது நன்றாயிருக்கிறதென்று கை தூக்க வேண்டும். எல்லாக் கைகளும் சி.டி.க்குத்தான் எழுந்தன. "கண்ணாடி மாதிரி இருக்கேப்பா" என்றார் ஒருவர். "வத்ஸு பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர். சேகர் சார் வத்சலா மேடத்தைப் பார்த்தார்.

"ரெண்டுமே நன்னாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"அவளுக்கு எல்லாமே நன்னாத்தான் இருக்கும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சாம்பார் நன்னா இல்லேன்னு நான்தான் சொல்லிண்டிருக்கேன்" என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். வத்சலா மேடமும் சிரித்தார். நான் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிகார்டு ஓடியபோது அவருடைய கட்டைவிரல் தாளம் போட்டது. அந்த மௌனம் வந்ததும் நின்று, மூச்சு வந்த பிறகு மறுபடி தொடங்கியது. சி.டி. ஓடியபோது தொடக்கத்திலிருந்தே அது அசையவில்லை.

இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது, எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லதென்று காது சொல்லும். அந்த அறையில் யாரும் இதை நினைக்கவில்லை. வருஷக்கணக்காகப் பாட்டுக் கேட்டவர்கள், ஊசியின் எடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள். சி.டி. ரிகார்டைவிடச் சத்தமாக இருந்தது என்பதை மட்டும் கவனிக்காமல் கை தூக்கிவிட்டார்கள். எனக்கு அது தெரியும். மனதுக்குள் வாக்கியத்தைக் கோக்கத் தொடங்கினேன். வழக்கம்போல அது முடியவில்லை. "இன்னொரு வாட்டி போடவா சார்?" என்று மஸ்தான் பாய் கேட்டபோது, நான் கையை நீட்டி, சி.டி. ஓடும்போது மட்டும் ஒலியை ரிகார்டின் அளவுக்குக் குறைத்து வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கலகம் அதுதான், கண்ணா. ஒரு குமிழைத் திருப்பியது.

இப்போது சத்தம் என்ற ஆதாயம் சி.டி.க்கு இல்லாமல் போய்விட்டது. அது தட்டையாகக் கேட்டது. யாரும் கை தூக்கவில்லை. "சவுண்டைக் குறைச்சியாம்மா?" என்றார் சேகர் சார். தலையாட்டினேன். "ஏன்?" என்றார். அப்போது வத்சலா மேடம் பேசினார். "அந்த இடத்துல நான் ஒரு மூச்சு எடுத்துண்டேன், சேகர். அதைக் காணோம்."

"மூச்சைக்கூடவா எல்லாரும் காசு கொடுத்துக் கேப்பா?" என்றார் கணவர். இந்தத் தடவை அவ்வளவாக யாரும் சிரிக்கவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே வத்ஸு" என்றார் சேகர் சார்.

"எது நன்னாருக்குன்னு கையைத் தூக்கச் சொன்னே. எதைக் காணோம்னு கேக்கலையே."

சேகர் சார் நல்ல மனிதர். திங்கட்கிழமை காலையில் அந்த ஒரு பாட்டை மட்டும் மறுபடி செய்து, மூச்சோடு, பெட்டி வழியாக விடாமல் அனுப்பிவிடு என்று என்னிடம் சொன்னார். வத்சலா மேடம் படியிறங்கும்போது என் தோளைத் தொட்டு, "நீ பார்த்துக்கோம்மா" என்றார். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அந்த மூச்சை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உன் அப்பா வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கே.கே. நகரில் சொந்த வீடு, நல்ல வேலை, ஒரே பையன். எங்கள் ஒற்றை அறையில் அத்தனை பேரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் கதவுக்கும் நடுவில் அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். காபி கொடுத்து முடித்ததும் உன் அப்பாவைப் பெற்ற பாட்டி கேட்டார்: "எங்க வீட்ல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்லம்மா. உனக்குச் சம்மதம்தானே?" கனிவாகத்தான் கேட்டார். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஒழுங்காக முகத்தைப் பார்த்துக் காபிக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆனால் வேலையை விட முடியாது என்று சொல்ல நினைத்தேன். யாருக்கும் மனம் நோகாதபடி அதை எப்படிச் சொல்வது என்று கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் அம்மா, "அவளுக்கு என்னங்க, நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டார். "பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்" என்றார் ஒரு மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே நிச்சயத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். தட்டு மாற்றிய பெண் தெருவில் போய் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பப் பார்த்தபோது அம்மா என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தார். "ஒரு நாள் மட்டும்மா, ஒரு பாட்டு பாக்கி இருக்கு" என்றேன். "பாட்டாம், பாக்கியாம்" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். என் அப்பா ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, "அவங்க வேற ஆளை வச்சுப் பார்த்துக்குவாங்களாம், நீ கவலைப்படாதே" என்றார்.

மஸ்தான் பாய் கல்யாணத்துக்கு வந்து, ஜரிகைக் காகிதத்தில் சுற்றி அந்தச் சி.டி.யைக் கொடுத்தார். "சொம்மா தூள் பறக்குதுமா" என்றார். நம் வீட்டில் சி.டி. போடும் பெட்டி வந்தது நீ பேசத் தொடங்கிய பிறகுதான். உன் அப்பாதான் ஆசையாக வாங்கி வந்து, "உன் பாட்டைப் போடு" என்றார். ஹாலில் அமர்ந்து கேட்டோம். நீ என் மடியில் இருந்தாய். அந்த இடம் வந்தது. மௌனத்துக்குப் பிறகு மூச்சு இல்லை. நீ என் முகத்தைத் திருப்பி, "அந்த ஆன்ட்டி ஏம்மா கத்தறாங்க?" என்று கேட்டாய். உனக்கு நினைவிருக்காது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பிறகு அந்தச் சமையலறையிலேயே இருந்தேன். உன் அப்பா என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. எதையும் மறுத்ததுமில்லை, நான்தான் எதையும் கேட்டதில்லையே. டி.வி. ஓடும், மிக்ஸி ஓடும், உன் பாட்டியின் பேச்சு ஓடும். எல்லாம் ஒரே மட்டத்தில், காலையிலிருந்து ராத்திரி வரை. சில சாயங்காலங்களில் முட்டை அட்டை ஒட்டிய அந்த ஜன்னலில்லாத அறையை நினைத்துக்கொள்வேன். உலகத்திலேயே காற்றோட்டமான இடம் அதுதான் என்று தோன்றும்.

தாரிணி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ வந்திருந்தபோது எல்லோருமாகப் புடவை எடுக்கப் போனோம். கடைக்குள் நிற்க இடமில்லை. அந்த இரைச்சலில், அவள் அப்பா அம்மா, உன் அப்பா, நான், புடவையை விரித்துக் காட்டுகிற ஆள், எல்லோருக்கும் நடுவில் நீ அவளிடம், "கனடாவுக்கு வர உனக்கு ஓகேதானே, அங்க லைசென்ஸ் வாங்கற வரைக்கும் ஒரு ரெண்டு வருஷம் ப்ராக்டீஸ் பண்ண முடியாது, வீட்ல ரெஸ்ட் எடு" என்று கேட்டாய். அவள், "ம், சரி" என்றாள். நீ நிம்மதியாகச் சிரித்தாய். நான் அவள் கையைப் பார்த்தேன். ஒரு புடவையின் முந்தானையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுபோனது. அதற்குப் பிறகு எந்தப் புடவையையும் அவள் தொட்டுப் பார்க்கவில்லை. எதைக் காட்டினாலும், "நல்லா இருக்குங்க ஆன்ட்டி" என்றாள். அவள் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் கே.கே. நகர் க்ளினிக்கில் அவளிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பற்றி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் தன் கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்ட அன்று அவர் வீட்டில் எல்லோருக்கும் கேசரி செய்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் மூச்சு விடாமல் பேசினாள். நடுவில் நிறுத்தி, "நான் ரொம்பப் பேசறேனா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

அவள் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாகவே வரலாம். நீ நல்ல பிள்ளை, கேட்டாய், மற்றவர்கள் கேட்பதுகூட இல்லை. ஆனால் நீ கேட்ட இடத்தில் அவளைத் தவிர மற்ற எல்லாமே சத்தமாக இருந்தது. தனியாகக் கூட்டிக்கொண்டு போ. போனை அணைத்துவிடு. ஓகேதானே என்று கேட்காதே, அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. உனக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அவள் பேசாமல் இருந்தால் நீயும் இரு. உனக்குப் பொறுக்காது, என்னிடமே உனக்குப் பொறுக்கவில்லையே. ஆனாலும் இரு. அவள் வாக்கியத்தை அவளே முடிக்கட்டும். வர விருப்பமில்லை என்று சொன்னால், உன் கனடா என்னாகும், அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் நான் அவள் பக்கத்தில் நிற்பேன்.

இதை எழுதி முடித்ததும் உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றியும் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் அனுப்பக்கூடாது என்று பட்டது. டி.வி.யை அவரே அணைத்தார். கடைசிவரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு உன்னைத் தனியாக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றார். நான் யோசித்தேன். அவர் காத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அப்படி அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"கல்யாணத்துக்குச் சம்மதம், வேலையை மட்டும் விட மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சொல்லியிருந்தா அம்மாகிட்ட நான் பேசியிருப்பேனே" என்றார். பொய் சொல்கிறவர் முகமாக அது இல்லை. நிஜமாகவே பேசியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் அவருக்கும் தெரியாது. இனி எங்கள் இருவராலும் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, கண்ணா. உன்னால் முடியும். இந்தச் சனிக்கிழமையே கிளம்பி வா.

அம்மா